'டிஜிட்டல்' என்று போட்டிருந்தால் என்ன பொருள்? எதில் எதைப் பார்க்க வேண்டும்: முழு வழிகாட்டி

மதுரையில் காதுகுத்துக்குப் பேனர் அடிக்கிற கடையும் டிஜிட்டல், பனகல் சாலையில் எக்ஸ்ரே எடுக்கிற இடமும் டிஜிட்டல், மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லி நிறுக்கிற தராசும் டிஜிட்டல். செயலியில் டிஜிட்டல் தங்கம் விற்கிறார்கள். போனில் மிரட்டுகிறவன் டிஜிட்டல் அரஸ்ட் என்கிறான். சொல் ஒன்றுதான், ஆனால் சேதி இடத்துக்கு இடம் மாறுகிறது. சில இடத்தில் கருவி உள்ளே எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்கிறது. சில இடத்தில் முகப்பில் எண் தெரியும் என்பதோடு முடிந்துவிடுகிறது. சில இடத்தில் 'போன் வழியாக' என்று பொருள். வேறு சில இடத்தில் 'புதுசு, விலை கொஞ்சம் கூட' என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை.

எந்தப் பொருளில் சொல்கிறார்கள் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் கடையில் கேட்க வேண்டிய கேள்வி தானாக வந்துவிடும். அதற்குத்தான் இந்த வரிசை.

முதல் படி: அடிப்படைப் பொருளைப் பிடித்துக்கொள்ளுங்கள்

டிஜிட் என்றால் இலக்கம், அதாவது 0 முதல் 9 வரை உள்ள குறிகள். லத்தீனில் விரலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. விரல்விட்டு எண்ணிய பழக்கம் அங்கேயும் இருந்திருக்கிறது. எடை, ஒலி, வெளிச்சம், சூடு என எதையும் எண்ணாக மாற்றி, அந்த எண்ணை வைத்து வேலை பார்த்தால் அது டிஜிட்டல். எண்ணாக மாற்றாமல், அளவு கூடக் கூடத் தானும் கூடி, குறையக் குறையத் தானும் குறைந்து காட்டினால் அது அனலாக். யானைமலைப் பாறைச் சரிவில் எந்த உயரத்திலும் நிற்கலாம்; திருப்பரங்குன்றம் படிக்கட்டில் ஏதாவது ஒரு படியில்தான் நிற்க முடியும். முன்னது அனலாக், பின்னது டிஜிட்டல்.

படி எவ்வளவு சின்னது என்பதுதான் அடுத்த கேள்வி. டிஜிட்டல் தொலைபேசி இணைப்பின் அடிப்படை முறையில் குரலை நொடிக்கு 8000 தடவை அளந்து, ஒவ்வொரு அளவையும் 256 படிகளில் ஒன்றில் வைப்பார்கள். பேச்சுக்கு இது போதும். இசை சிடியில் நொடிக்கு 44,100 தடவை அளக்கிறார்கள், படிகள் 65,536. இரண்டும் டிஜிட்டல்தான், தரம் ஒன்றல்ல. டிஜிட்டல் என்றாலே துல்லியம் என்று எடுத்துக்கொள்வதில்தான் முக்கால்வாசி ஏமாற்றமும் தொடங்குகிறது.

நல்லது எங்கே என்றால், எண்ணைப் படியெடுத்தால் அது அப்படியே வரும். கேசட்டிலிருந்து கேசட்டுக்குப் பதிந்தால் இரைச்சல் ஏறிக்கொண்டே போகும். பாட்டுக் கோப்பை நூறு பேருக்கு அனுப்பினாலும் நூறாவது பிரதி முதல் பிரதிதான். வாட்ஸ்அப் போன்ற செயலிகள் படத்தைச் சுருக்கி அனுப்புவது வேறு கதை, பேனர் பற்றிச் சொல்லும்போது அதற்கு வருகிறேன். கெட்டதும் ஒன்று உண்டு. கொடைக்கானல் கோபுரத்திலிருந்து வந்த பழைய தூர்தர்ஷனில் சிக்னல் குறைந்தால் படத்தில் புள்ளி புள்ளியாக மழை பெய்யும், ஆனாலும் செய்தி காதில் விழும். இன்றைய டிஷ்ஷில் மழை வலுத்தால் படம் கட்டம் கட்டமாக உடைந்து, சட்டென்று நின்றே போகிறது. டிஜிட்டலில் ஒரு எல்லை வரைக்கும் குறை தெரியாது, எல்லை தாண்டினால் ஒன்றுமே தெரியாது.

இரண்டாம் படி: எண் முகப்பில் மட்டுமா, உள்ளேயுமா?

டீக்கடையில் கோடை பண்பலை பாடும் ரேடியோவைப் பாருங்கள். முள்ளுக்குப் பதில் 100.5 என்று பச்சை எண் மின்னும். பெட்டியில் 'டிஜிட்டல் ரேடியோ' என்றும் போட்டிருக்கும். நிலையம் தேடுவதும் காட்டுவதும்தான் எண்ணில் நடக்கிறது. காற்றில் வருகிற பண்பலை ஒலிபரப்பு அனலாக்தான். ஒலிபரப்பே எண்ணாக வருகிற முறை வேறு. டிஆர்எம் என்று பெயர், ஆகாசவாணியும் அதில் ஒலிபரப்புகிறது. அதைக் கேட்க அதற்கான ரேடியோ வேண்டும்.

இதற்கு நேர் எதிரானது சுவரில் மாட்டியிருக்கும் குவார்ட்ஸ் கடிகாரம். முகப்பில் முள்தான் சுற்றுகிறது, அனலாக் கடிகாரம் என்றுதான் கேட்டு வாங்குகிறோம். உள்ளே ஒரு சின்னப் படிகம் நொடிக்கு 32,768 தடவை அதிர, அதை ஒரு டிஜிட்டல் சுற்று எண்ணி வகுத்து நொடிக்கு ஒரு துடிப்பாக்கி முள்ளைத் தள்ளுகிறது. ஆக, முகப்பை வைத்து உள்ளே இருப்பதை முடிவு செய்ய முடியாது.

கடையில் கேட்கும்போது நேராகவே கேட்கலாம்: "அண்ணே, டிஸ்ப்ளே மட்டும் டிஜிட்டலா, உள்ள அளக்கிறதே டிஜிட்டலா?" தெரிந்த கடைக்காரர் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடுவார். மழுப்பினால் அந்த வார்த்தைக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை.

மூன்றாம் படி: தராசு என்றால் இவ்வளவையும் பாருங்கள்

மக்கள் அன்றாடம் காசு இழக்கும் இடம் இதுதான் என்பது என் கணிப்பு. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எலக்ட்ரானிக் தராசின் தட்டுக்கு அடியில் ஒரு உலோகக் கட்டை இருக்கும். பாரம் ஏறினால் அது கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வளையும். அதன்மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய கம்பிப் பட்டைகளின் மின்தடை மாறும். அந்த மாற்றத்தை எண்ணாக்கிக் கிராம் கணக்கில் காட்டுகிறார்கள். வளைவது அனலாக், காட்டுவது டிஜிட்டல். கட்டை நாளாக நாளாகக் களைத்துப்போனாலும் முகப்பில் எண் பளிச்சென்றுதான் தெரியும். அதனால்தான் முத்திரை தேவைப்படுகிறது. சட்டமுறை எடையளவுச் சட்டம் 2009-இன் விதிப்படி கடைகளில் உள்ள எலக்ட்ரானிக் தராசுகளை 12 மாதத்துக்கு ஒருமுறை சரிபார்த்து முத்திரை வாங்க வேண்டும். தமிழ்நாட்டில் இதைத் தொழிலாளர் துறை பார்க்கிறது. சான்றிதழைக் கடையில் பார்வைக்கு வைத்திருக்க வேண்டும்.

தராசின் பக்கவாட்டில் ஒரு தகடு இருக்கும், அதைப் படியுங்கள். மேக்ஸ் என்பது அதிகபட்ச எடை, மின் என்பது குறைந்தபட்ச எடை, சின்ன ஆங்கில 'இ' எழுத்துக்கு எதிரே இருப்பது ஒரு படியின் அளவு. கடைகளில் சாதாரணமாக இருக்கும் மூன்றாம் வகுப்புத் தராசு ஒன்றில் மேக்ஸ் 30 கிலோ, இ 5 கிராம் என்று இருந்தால் மின் 100 கிராமாக இருக்கும். அதாவது 100 கிராமுக்குக் கீழே அதில் நிறுத்தவே கூடாது. கல்யாண முகூர்த்த நாளில் மல்லி கிலோ 2000 ரூபாய்க்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஒரு படி 10 ரூபாய். 50 கிராம் பூவை அந்தத் தராசில் நிறுத்து வாங்குகிறவர் ஒரு குத்துமதிப்புக்குத்தான் காசு கொடுக்கிறார். அதற்கு முழம் போட்டு வாங்குவதே மேல்.

அப்புறம் வேலை எளிது. தட்டு காலியாக இருக்கும்போது பூஜ்யம் காட்டுகிறதா என்று பாருங்கள். கூடையோ கவரோ வைத்தால் அதன் எடையைக் கழிக்கச் சொல்லுங்கள், அதற்கென்றே 'டேர்' பொத்தான் இருக்கிறது. தராசில் நீர்க்குமிழ் இருந்தால் அது நடுவில் நிற்க வேண்டும். மின்விசிறி நேராகத் தட்டில் அடித்தால் கடைசி இலக்கம் ஆடும், அதை நிறுத்தச் சொல்வதில் தப்பில்லை. சந்தேகம் தீரவில்லையா? பிரிக்காத ஒரு கிலோ உப்புப் பொட்டலத்தை வைத்துப் பாருங்கள்; உறையின் எடை சேர்ந்து ஒரு கிலோவுக்குச் சற்று மேலே காட்ட வேண்டும். ஒரு கிலோவைத் தொடவே இல்லை என்றால் உங்களுக்கு அது ஆதாயமாகத்தான் போகும், ஆனால் 1050 காட்டினால் வம்பு. புகாருக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

இதே கதைதான் மின் மீட்டரிலும். "டிஜிட்டல் மீட்டர் மாட்டினதும் வேகமா ஓடுது" என்று நிறைய வீடுகளில் சொல்வார்கள். பழைய வட்டத்தகடு மீட்டர், உராய்வு காரணமாக, மிகச் சின்ன மின்னோட்டத்துக்கு நகராமல் நின்றுவிடும். புது மீட்டர் சார்ஜரும் செட்டாப் பெட்டியும் சும்மா இழுக்கிற மின்சாரத்தையும் விடாமல் எண்ணும். சோதிக்க வழி உண்டு. மீட்டர் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு என்று எழுதியிருக்கும். 3200 என்று இருந்தால், வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு 1000 வாட் வாட்டர் ஹீட்டரை மட்டும் தண்ணீரில் போட்டு ஓடவிடுங்கள். சிவப்பு விளக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 53 தடவை மின்ன வேண்டும். வோல்டேஜ் கூடினால் குறைந்தால் இதுவும் கொஞ்சம் மாறும். இஸ்திரிப்பெட்டி இதற்குச் சரிவராது, அது தானாக நின்று நின்று ஓடும்.

நான்காம் படி: மருத்துவமனையில் கேட்க வேண்டியது

டிஜிட்டல் எக்ஸ்ரே என்ற ஒரே பலகையின் கீழ் இரண்டு முறைகள் இருக்கின்றன. ஒன்றில் பிலிமுக்குப் பதில் ஒரு தகட்டில் படம் பதிந்து, பிறகு லேசர் கருவியில் அதை வாசித்து எண்ணாக்குவார்கள். இது சிஆர். இன்னொன்றில் உணர்தட்டே நேராகப் படத்தைக் கணினிக்கு அனுப்பிவிடும், அது டிஆர். டிஆரில் படம் உடனே வந்துவிடும். 'டிஜிட்டல் என்றால் கதிர்வீச்சு குறைவு' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதை நம்ப வேண்டாம். எந்த முறை, என்ன அளவு வைத்து எடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது அது.

நோயாளிக்கு உண்மையில் பயன்படுவது கோப்பு. பெரும்பாலான இடங்களில் டிஜிட்டலாக எடுத்துவிட்டுக் கடைசியில் ஒரு பிலிமைத்தான் கையில் கொடுப்பார்கள். அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் போனில் படமெடுத்து சென்னை டாக்டருக்கு அனுப்பினால் டிஜிட்டலின் பலன் அத்தனையும் போச்சு. மருத்துவப் படங்களுக்கென்றே உள்ள 'டைகாம்' என்ற வகைக் கோப்பாக வேண்டும் என்று கேளுங்கள். அதில்தான் டாக்டர் வெளிச்சத்தையும் அடர்த்தியையும் கூட்டிக் குறைத்து எலும்பையும் தசையையும் தனித்தனியாகப் பார்க்க முடியும்.

வீட்டுக்கு வாங்கும் பிபி மிஷின் கைப்பட்டை காற்றில் உண்டாகும் அதிர்வை அளந்து, அதிலிருந்து ரத்த அழுத்தத்தைக் கணக்குப்போட்டுச் சொல்கிறது. மேற்கையில் கட்டுகிற வகையாக, கையின் சுற்றளவுக்குப் பொருந்தும் பட்டையோடு வாங்குங்கள். ஐந்து நிமிடம் உட்கார்ந்து ஓய்வெடுத்த பிறகு, சிறிது இடைவெளி விட்டு இரண்டு தடவை பார்க்க வேண்டும். இதயத் துடிப்பு ஒழுங்கில்லாதவர்களுக்கு இந்தக் கணக்கு தவறக்கூடும். வாங்கியதும் ஒருமுறை மருத்துவரிடம் எடுத்துப்போய் அவர் கருவியோடு ஒப்பிட்டுவிடுவது நல்லது.

ஐந்தாம் படி: பேனரும் பத்திரிகையும்

டிஜிட்டல் பிரிண்டிங் என்றால் கணினிக் கோப்பிலிருந்து நேராக அச்சிடுவது. ஆப்செட்டில் முதலில் தகடு செய்ய வேண்டும். ஐம்பது பத்திரிகை போதும் என்றால் டிஜிட்டல் மலிவு. ஆயிரம் என்றால் சிவகாசிக்கு அனுப்பி ஆப்செட்டில் அடிப்பது மலிவு, தகட்டுச் செலவு ஆயிரத்துக்கும் பிரிந்துவிடும். பிளக்ஸ் மங்கலாக வருவதற்கு அச்சகத்தைத் திட்டுவார்கள், பல நேரம் குற்றம் அனுப்பின படத்தில் இருக்கும். 1600 புள்ளி அகலமுள்ள வாட்ஸ்அப் படத்தைப் பத்தடிக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 13 புள்ளிதான் மிஞ்சும். மாமாவின் முகம் அதில் எப்படித் தெளிவாக வரும்? படத்தை 'டாக்குமெண்ட்' என்ற வழியில் அனுப்புங்கள்.

கேமராவில் வரும் 'டிஜிட்டல் ஜூம்' இதற்குச் சொந்தக்காரன். லென்ஸே பெரிதாக்கிக் காட்டுவது ஆப்டிகல் ஜூம். டிஜிட்டல் ஜூம் என்பது எடுத்த படத்தின் நடுவை வெட்டிப் பெரிதாக்குவது. அழகர் ஆற்றில் இறங்குவதை ஏவி பாலத்திலிருந்து எடுக்கப்போகிறவர்கள் போன் பெட்டியில் ஆப்டிகல் எத்தனை மடங்கு என்பதை மட்டும் பார்த்தால் போதும்.

ஆறாம் படி: டிஜிட்டல் கையெழுத்து, டிஜிட்டல் சான்றிதழ்

வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போட்டு, படமெடுத்து, கோப்பில் ஒட்டினால் அது டிஜிட்டல் கையெழுத்து ஆகாது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 சொல்லும் டிஜிட்டல் கையெழுத்து ஒரு கணக்கு. ஆவணம் முழுவதையும் பிழிந்து ஒரு சுருக்க எண்ணாக்கி, கையெழுத்திடுபவரிடம் மட்டும் இருக்கும் ரகசியத் திறவுகோலால் பூட்டுவார்கள். ஆவணத்தில் ஒரு எழுத்தை மாற்றினாலும் சரிபார்க்கும்போது பூட்டு பொருந்தாது.

இதிலிருந்து வெளிவருவது முக்கியமான ஒன்று: கையெழுத்து கோப்பில் இருக்கிறது, காகிதத்தில் இல்லை. இ-சேவை மையத்தில் வருமானச் சான்றிதழை அச்செடுத்து லேமினேட் செய்து பீரோவில் வைத்துவிட்டுக் கோப்பைத் தொலைத்துவிடுகிறார்கள். காகிதத்தில் உள்ள சான்றிதழ் எண்ணையோ கியூஆர் குறியீட்டையோ வைத்து அரசுத் தளத்தில் சரிபார்க்கத்தான் முடியும். அதனால் பிடிஎஃப் கோப்பை வாங்கி உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். அதைத் திறக்கும்போது கையெழுத்து இடத்தில் கேள்விக்குறி தெரிந்தால் பயப்பட வேண்டாம். சான்று வழங்கிய அமைப்பை உங்கள் கணினி இன்னும் நம்பத் தொடங்கவில்லை என்று பொருள். சரிபார்த்து ஏற்றுக்கொண்டால் பச்சைக்குறி வரும்.

அரசின் ஆவணப் பெட்டகச் செயலியான டிஜிலாக்கரிலும் ஒரு கோடு போட்டுப் பாருங்கள். துறையிடமிருந்து நேராக வந்து 'வழங்கப்பட்டவை' பகுதியில் இருக்கும் ஆவணம் அசலுக்குச் சமம் என்று விதி இருக்கிறது. நீங்களே படமெடுத்து ஏற்றிய ஓட்டுநர் உரிமம் அந்தக் கணக்கில் வராது. அது வெறும் படம். உயில் எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: உயிலுக்கு டிஜிட்டல் கையெழுத்து செல்லாது, அந்தச் சட்டமே அதை விலக்கி வைத்திருக்கிறது. பேனாவை எடுங்கள்.

ஏழாம் படி: பணம் என்று வந்தால் இரண்டு தடவை யோசியுங்கள்

யுபிஐ 2016-இல் வந்தது. அதில் நகர்வது உங்கள் வங்கிக் கணக்கில் உள்ள அதே ரூபாய்தான். டிஜிட்டல் ரூபாய் என்பது வேறு. ரிசர்வ் வங்கியே எண் வடிவில் வெளியிடும் பணம், பொதுமக்களுக்கான சோதனை 2022 டிசம்பரில் தொடங்கியது. இரண்டையும் ஒன்றாக நினைத்து யாராவது 'டிஜிட்டல் கரன்சியில் போடுங்கள், இரட்டிப்பாகும்' என்றால் விலகிவிடுங்கள். ரூபாய் எந்த வடிவில் இருந்தாலும் ரூபாய்தான், குட்டி போடாது. யுபிஐயில் பணம் வாங்க பின் எண் போட வேண்டியதில்லை என்பதையும் வீட்டுப் பெரியவர்களுக்குச் சொல்லி வையுங்கள்.

டிஜிட்டல் தங்கம் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டியது. தெற்காவணி மூல வீதியில் வாங்கினால் தங்கம் கையில் இருக்கும். செயலியில் நூறு ரூபாய்க்கு வாங்கினால், உங்கள் பெயரில் எங்கோ ஒரு பெட்டகத்தில் இத்தனை மில்லிகிராம் இருக்கிறது என்ற பதிவு இருக்கும். 3 சதவீத ஜிஎஸ்டி உண்டு. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி உண்டு. நாணயமாக எடுக்கக் கூலி தனி. இத்தகைய டிஜிட்டல் தங்கம் தன் கட்டுப்பாட்டுக்கு வெளியே இருக்கிறது என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2025 நவம்பரில் எச்சரித்தது. கட்டுப்பாட்டுக்குள் வேண்டும் என்கிறவர்களுக்குப் பங்குச் சந்தையில் வாங்கி விற்கிற தங்க நிதி, அதாவது தங்க இடிஎஃப் இருக்கிறது.

டிஜிட்டல் கைது என்று இந்தியச் சட்டத்தில் எதுவும் கிடையாது. எந்தப் போலீசும் வீடியோ அழைப்பில் ஆளைக் கைது செய்து அறைக்குள் உட்காரவைக்க முடியாது. அழைப்பைத் துண்டியுங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

எட்டாம் படி: எழுதும்போது எப்படிப் பயன்படுத்துவது

நான்கு அடைமொழிகளைக் குழப்பிக்கொள்கிறார்கள். மின்னணு என்பது எலக்ட்ரானிக், அது டிஜிட்டலாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பழைய வால்வு ரேடியோ மின்னணுக் கருவி, ஆனால் அனலாக். இணையவழி என்றால் ஆன்லைன். இணையமே இல்லாத தராசு டிஜிட்டலாக இருக்கலாம். ஸ்மார்ட் என்றால் தானே தகவல் அனுப்பவோ முடிவெடுக்கவோ செய்ய வேண்டும். வீட்டில் உள்ள டிஜிட்டல் மீட்டரைக் கணக்கெடுக்க ஆள் வருகிறார் என்றால் அது ஸ்மார்ட் மீட்டர் இல்லை. இருந்தாலும் வழக்கு தன் வழியில் போகும்: ரேஷன் அட்டையை அரசு மின்னணுக் குடும்ப அட்டை என்கிறது, மக்கள் ஸ்மார்ட் கார்டு என்கிறார்கள், அதில் நாம் காட்டுவது ஒரு கியூஆர் குறியீட்டை.

தமிழில் எண்ணிம, எண்முறை, இலக்கமுறை என்று மூன்று சொற்கள் புழங்குகின்றன. தொழில்நுட்பக் கட்டுரையில் எண்ணிம என்று எழுதலாம். நடுவில் இலக்கமுறைக்குத் தாவாமல் ஒன்றையே பிடித்துக்கொள்ள வேண்டும். பொதுவாசகருக்கு என்றால் டிஜிட்டல் என்றே எழுதுவது நல்லது, தராசு வாங்கப் போகிறவர் கடையில் அந்தச் சொல்லைத்தான் சொல்லப்போகிறார். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் அப்படியே நிற்கும், 'டிஜிட்டலான' என்று நீட்ட வேண்டாம். வினைக்கு முன்னால் 'டிஜிட்டல் முறையில்' என்பது 'டிஜிட்டலாக' என்பதைவிட எழுத்தில் நன்றாக நிற்கிறது, பேச்சுநடைக்கு 'டிஜிட்டலாக' போதும். டிஜிட்டல்மயம் என்பதைச் சேர்த்தே எழுதுங்கள். பழைய பத்திரத்தை ஸ்கேன் செய்து வைப்பதற்கு அந்தச் சொல் பொருந்தாது, அதை டிஜிட்டல் பிரதி எடுத்தல் என்று சொல்லலாம். விண்ணப்பம் கொடுப்பதிலிருந்து பட்டா கைக்கு வரும் வரை எல்லாமே கணினியில் நடந்தால் டிஜிட்டல்மயம் என்று எழுதுங்கள்.